அறுநூற்றுப் பன்னிரண்டு சதுர மீட்டர்

மணியடித்ததும் கதவைத் திறந்தவர் சிஸ்டர் ஒர்தென்சியா.
கையெல்லாம் மாவு.
நகராட்சி அடையாள அட்டையை
மாவு படாமல் விரல்நுனியில் வாங்கிப் பார்த்து
"எலீசியோ மகனா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
உம்ப்ரியாவின் மலையூர்களில்
வரிக்காரனுக்கும் அப்பன் உண்டு.

ரோமிலிருந்து வந்த கணக்கர் முன்னமே உட்கார்ந்திருந்தார்.
தோல் கோப்பு, தோல் காலணி, தோல் தடித்த பொறுமை.
"இது முழுக்க ஆராதனை இல்லம்.
சட்டப்படி ஒரு காசு கட்ட வேண்டியதில்லை."
அவர் தலைக்கு மேல் சுவரில்
வைஃபை கடவுச்சொல்,
காலை உணவு ஏழரை முதல் ஒன்பது வரை,
இருவர் அறை தொண்ணூற்றைந்து யூரோ.

நான் நாடாவை இழுத்தேன்.

சிற்றாலயம்: மூன்று புள்ளி எட்டுக்கு நான்கு.
ஆறு நாற்காலி, ஒரு மெழுகுவர்த்தி.
புனிதரின் காலடியில்
யாரோ வைத்துவிட்டுப் போன நீலப் பெட்டி,
விமான நிலையச் சீட்டோடு.
இருபத்திரண்டு அறைகளுக்கும்
இந்தச் சின்ன அறைதான் குடை பிடிக்கிறதாம்.

மேல்மாடியில் மூன்று அறைகளுக்கு வாடகை இல்லை.
ஒன்றில் காம்பியாவிலிருந்து வந்த பெண்
குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.
நாடாவைப் பார்த்ததும் எழுந்து
சுவரோடு ஒட்டி நின்றாள்,
அவளையும் அளக்க வந்தவன் போல நான்.
உட்காருங்கள் என்றேன்.
மொழி புரியவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.
எழுதினேன்: நாற்பத்தொன்று. அறம்.

இதுவரை எளிது.
பிறகு படிக்கட்டு.
தொண்ணூற்றைந்து யூரோ ஏறுகிற படி,
வெறுங்கையும் ஏறுகிற படி,
எந்தக் கட்டத்தில் போடுவது?
சமையலறையில் ஒரே பானை, ஒரே கரண்டி.
பின்புறக் கொடியில் படுக்கை விரிப்புகள்,
வெள்ளை, வெள்ளை, எல்லாம் வெள்ளை.

"பார்த்தீர்களா, பிரிக்க முடியாது"
கணக்கர் சிரித்தார்,
பிரிக்க முடியாததெல்லாம் பரிசுத்தம் என்பது போல.

அப்போது சிஸ்டர் கையைத் துடைக்காமலே போய்
மாவு டப்பாவின் பின்னாலிருந்து
ஒரு பள்ளி நோட்டை எடுத்துவந்தார்.
மேல்மாடி. மூன்று அறைகள். பதினொரு வருடம்.
எந்த இரவில் யார் படுத்தார்கள்.
பெயர் சொல்லாதவர்களுக்கு
"இருமுகிறவர்", "சிவப்புச் செருப்பு", "இரட்டையரின் தாய்".
புரட்டினேன்.
ஒவ்வொரு ஆகஸ்டும், கல்யாணச் செப்டம்பரும்,
அதே பென்சில், அதே சாய்ந்த எழுத்து:
விருந்தினர். கட்டணம் நூற்றுப்பத்து.
சிவப்புச் செருப்பு எங்கே போனாள் என்று இல்லை.
ஓரத்தில் இரண்டு சொல் மட்டும்:
ரோமின் உத்தரவு.

கணக்கர் எழுந்தார்.
"சிஸ்டர், இது உள்விவகாரம்."
"உள்ளேதானே நிற்கிறார்" என்று
என்னைக் காட்டினார் அவர்.

பிறகு வெறும் கணக்கு.
கீழே பத்தொன்பது அறைகள், வியாபாரம்.
மேலே பத்து மாதம் அறம், இரண்டு மாதம் வியாபாரம்.
படிக்கட்டை அதே விகிதத்தில் வெட்டினேன்.
பானையை வெட்டினேன்.
சிற்றாலயத்தைத் தொடவில்லை,
நீலப் பெட்டி உட்பட.

ஆண்டுக்கு ஒன்பதாயிரத்து நானூறு யூரோ.
எங்கள் ஊரில் அது
பள்ளிப் பேருந்தின் டீசல், ஓட்டுநரின் பாதிச் சம்பளம்.
ஜனவரியில் நின்றுபோன பேருந்து.
என் மகள் நெடுஞ்சாலை ஓரமாக நடக்கிறாள்,
பையின் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறேன்.

மேல்முறையீடு செய்திருக்கிறார்கள்.
துறவுச்சபைக்கு இன்னும் பதினான்கு வீடுகள்,
அதற்கேற்ற வக்கீல்கள்.
அவர்களுக்கு என்ன அவசரம்,
நித்தியம்தானே தொழில்.
தீர்ப்பு வருவதற்குள்
மகள் பள்ளியே முடித்துவிடுவாள்.

மே மாதம் போனபோது
வேறொரு சிஸ்டர் கதவைத் திறந்தார்.
ஒர்தென்சியா மாற்றலாகிவிட்டார்,
எங்கே என்று தெரியாது என்றார்.
தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது.

நோட்டுக்கு அன்று எழுதிய ரசீதின் நகல்
என் இழுப்பறையில் இருக்கிறது.
பெற்றவர்: என் பெயர், முத்திரை, தேதி.
கொடுத்தவர் என்ற இடத்தில்
கையெழுத்தில்லை.
கொஞ்சம் மாவு.